காலை 6 முதல் 10 வரை மட்டும் கடை: மருத்துவமனைப் பணியில் இருப்பவர்கள் மளிகை வாங்குவது எப்படி?

கேள்வி: கொரட்டூர் செவிலியர்
18 மே 2021, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். நான் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கொரோனா வார்டில் செவிலியராகப் பணிபுரிகிறேன். கொரோனா ஊரடங்கின்படி, கடந்த சனிக்கிழமை, மே 15 முதல், மளிகை, காய்கறி, இறைச்சிக் கடைகள் காலை 6 மணியிலிருந்து 10 மணி வரை மட்டுமே திறந்திருக்கின்றன. அதற்கு முந்தைய சில நாள்கள் நண்பகல் 12 மணி வரை அனுமதி இருந்தது. கூட்டத்தைக் குறைக்க வேண்டும் என்ற அரசின் நோக்கத்தில் எனக்குச் சிறிதும் மறுப்பில்லை. படுக்கை கிடைக்காமல் ஆம்புலன்சுகள் வாசலில் வரிசையாகக் காத்து நிற்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். இன்னும் கடுமையாக அடைத்தாலும் சரி என்றுதான் நினைப்பேன். அந்த நான்கு மணி நேரத்துக்குள் கடைக்குப் போகவே முடியாத பணியில் இருப்பவர்கள் என்ன ஏற்பாடு செய்துகொள்கிறார்கள் என்று அறியவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வார்டில் இப்போது பன்னிரண்டு மணி நேரப் பணி. பகல் பணி காலை 7.30 மணிக்குத் தொடங்குகிறது. முந்தைய பணியாளரிடம் ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் கேட்டுக்கொண்டு, கவச உடை அணிந்து உள்ளே செல்ல வேண்டும் என்பதால் 7 மணிக்கே அங்கே இருந்தாக வேண்டும். பேருந்து இல்லாததால் ஸ்கூட்டரில் செல்கிறேன், 6.20க்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவேன். அந்நேரத்தில் எங்கள் தெருமுனைக் கடையின் முன்னால் ஏற்கெனவே நீண்ட வரிசை நிற்கும். மாலை வீடு திரும்பும்போது எல்லாக் கடைகளும் மூடி வெகுநேரம் ஆகியிருக்கும். இரவுப் பணி முடிகிற நாளிலாவது வாங்கலாம் என்றால், பொறுப்பை ஒப்படைத்து, உடையைக் கழற்றி, அங்கேயே குளித்து வெளியே வர 8.30 ஆகிறது, கொரட்டூர் வந்து சேர 9.15. அதன்பின் வரிசையில் நின்றால், காவல்துறை வாகனம் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் கடைக்காரர் 9.45க்கே புதிதாக வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. அபராதமோ சீல் வைப்போ வந்தால் பாதிக்கப்படுவது அவர்தான்.

சென்ற ஆண்டு ஏப்ரலில் இவ்வளவு சிரமம் தெரியவில்லை. அப்போது கடைகள் பிற்பகல் 1 மணி வரை இருந்தன, எங்களுக்கும் மூன்று ஷிப்டு முறை இருந்தது. பிற்பகல் ஷிப்டு வருகிற வாரத்தில் காலையில் நிதானமாக வாங்கி வைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது பணி நேரம் நீண்டிருக்கிறது, கடை நேரம் சுருங்கியிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததுதான் சிக்கல்.

வீட்டில் என் மாமியாரும் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகனும் மட்டுமே இருக்கிறார்கள். கணவர் ஓசூரில் வேலை செய்கிறார், இப்போது வர இயலாது. மாமியாருக்கு 68 வயது, சர்க்கரை நோய் உண்டு. தடுப்பூசி ஒரு தவணைதான் போட்டிருக்கிறார். அவரைக் கூட்டத்துக்குள் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மகனை அனுப்புவதும் முறையல்ல. இணைய அங்காடிகளின் செயலிகளில் பொருள்களைத் தேர்ந்தெடுத்து முடிக்கும்போது 'டெலிவரி நேரம் இல்லை' என்று வந்துவிடுகிறது. மருத்துவமனையில் எனக்கு உணவு தருகிறார்கள் என்பதால் என் சாப்பாட்டுக்குக் குறைவில்லை; வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அரிசியும் பருப்பும் காய்கறியும் வேண்டும்.

இலவசமாக எதையும் நான் கேட்கவில்லை. விலை கொடுத்து வாங்கத் தயாராக இருக்கிறேன். வாங்குவதற்கான வழி மட்டுமே வேண்டும். உங்களில் வியாபாரிகள் இருந்தால், என்னைப் போன்றவர்களுக்கு எந்த வகையில் பொருள் கொடுப்பது உங்களுக்கு இயலும் என்று சொல்லுங்கள். இதே நிலையில் இருக்கும் மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள்.

பதில்: அம்பத்தூர் மளிகை வியாபாரி
18 மே 2021, இரவு 11.05

சகோதரிக்கு வணக்கம். அம்பத்தூரில் நான் பதினெட்டு ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்துகிறேன். எங்கள் பக்கத்து நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதிலிருந்தே வழியும் தெரியும்.

நான்கு மணி நேரம் என்பது வாடிக்கையாளர்களுக்குத்தான் நான்கு மணி நேரம். எங்களுக்கு விடியற்காலை 3 மணிக்கே வேலை தொடங்கிவிடுகிறது. காய்கறிக்குக் கோயம்பேடு, பருப்பு எண்ணெய்க்குப் பாரிமுனைப் பக்கம் என்று குட்டியானை வண்டியை அனுப்பி, சரக்கை இறக்கி, 6 மணிக்குள் தயாராக வேண்டும். கடையில் வேலை செய்த தம்பிகளில் பாதிப் பேர் ஊரடங்கு அறிவித்தவுடனே ஊருக்குப் போய்விட்டார்கள். முன்பு ஒரு நாள் முழுவதும் வந்த கூட்டம் இப்போது காலை 8 முதல் 10 வரையில் மொத்தமாக வந்து நிற்கிறது. ஒருவர் கல்லா முன் நின்று, வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, 'வேறென்ன வேண்டும்' என்று கேட்டுக் கேட்டு வாங்குவதில்தான் நேரம் போகிறது; எடை போட்டுக் கட்டித் தருவதற்குச் சில நிமிடங்களே போதும்.

ஆகவே எங்களுக்கும் உங்களுக்கும் பொருந்துகிற வழி ஒன்றுதான்: சிட்டை முன்கூட்டியே வர வேண்டும். இரவு 9 மணிக்குள் வாட்ஸ்அப்பில் சிட்டையை அனுப்பினால், விடியற்காலையில் சரக்கு இறங்கியவுடன் கூட்டம் சேருவதற்கு முன்பே கட்டி வைத்துவிடலாம். கடை திறந்திருக்கிற அந்த நான்கு மணி நேரத்துக்குள்ளேயே ஒரு தம்பி சைக்கிளில் கொண்டுபோய் உங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவார். தொகையை நீங்கள் பணியிலிருந்தே இடைவேளையில் ஜிபேயில் போட்டுவிடலாம். உங்கள் மாமியார் வெளியே வர வேண்டியதில்லை, வாசலில் இருப்பதை எடுத்துக்கொண்டால் போதும். கடை மூடிய பின் திறந்து கொடுங்கள் என்று யாரையும் கேட்காதீர்கள். நல்ல மனம் இருந்தாலும் அது எங்களால் முடியாது.

சிட்டை எழுதும்போது சிலவற்றைக் கவனியுங்கள். 'பருப்பு ஒரு கிலோ' என்று மட்டும் எழுதாமல் துவரையா, பாசியா, உளுந்தா என்று எழுதுங்கள். அரிசி என்றால் புழுங்கலா, பச்சரிசியா, இட்லி அரிசியா, எந்த ரகம் என்று குறிப்பிடுங்கள். கேட்ட கம்பெனிப் பொருள் இல்லையென்றால் வேறு கம்பெனி தரலாமா கூடாதா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டால், பணியில் இருக்கும் உங்களை நாங்கள் அழைக்க வேண்டிய தேவை இராது. கவச உடைக்குள் இருப்பவரால் தொலைபேசியை எடுக்க முடியாது என்பதை எங்கள் தெருவில் இருக்கிற ஒரு செவிலியர் அம்மா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

காய்கறியை வாரம் இரு முறையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கீரை, தக்காளி போன்றவை வெயிலில் தாங்காது. இப்போது கத்திரி வெயில் வேறு. உருளை, வெங்காயம், சேனை, கருணை, பூசணி ஆகியவற்றை முதலில் வாங்கி வைத்துக்கொண்டால் ஒரு வாரம் கவலையில்லை.

கொரட்டூர் எங்கள் கடைக்குச் சற்றுத் தொலைவு. ஆனால் உங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நிச்சயம் ஒரு சிறிய கடை இருக்கும். பெரிய அங்காடிகளைவிட, குடும்பமாக நடத்துகிற கடையில் கேளுங்கள். நீங்கள் மருத்துவமனையில் பணி செய்கிறீர்கள் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

பதில்: கண்ணகி நகர் மாணவி
19 மே 2021, காலை 11.20

வியாபாரி ஐயா சொன்ன வழி நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது என்பதைப் பணிவுடன் சொல்ல விரும்புகிறேன்.

என் அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். காலை 6 மணிக்கு அடையாறு பக்கத்தில் வருகைப் பதிவு. பேருந்து ஓடுகிற காலத்திலேயே கண்ணகி நகரிலிருந்து அவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருவது கடினம். இப்போது நான்கு பேர் சேர்ந்து ஒரு ஷேர் ஆட்டோவுக்குப் பேசி 5 மணிக்கே கிளம்புகிறார்கள். பணி முடிவது பிற்பகல் 2 மணிக்கு. அவர் கிளம்பும்போதும் கடை இல்லை, திரும்பும்போதும் கடை இல்லை. பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணமில்லை என்ற அறிவிப்பு மே 8 அன்று நடைமுறைக்கு வந்தபோது அம்மா எவ்வளவு மகிழ்ந்தார் என்பதை நான் பார்த்தேன்; இரண்டே நாளில், மே 10 அன்று, பேருந்து நின்றுவிட்டது. இப்போது ஆட்டோவுக்குக் கொடுக்கிற பணம் மளிகைக்கான பணத்திலிருந்துதான் போகிறது.

எங்கள் பகுதியில் யாரும் மாதச் சிட்டை போட்டு வாங்குவதில்லை. கையில் இருக்கிற நூறு ரூபாய்க்கு அரை கிலோ அரிசி, கால் லிட்டர் எண்ணெய், கொஞ்சம் பருப்பு, தக்காளி என்று அன்றன்றைக்கு வாங்குகிறவர்கள் நாங்கள். சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று சொல்ல முடியாது. அம்மாவின் தொலைபேசி பட்டன் தொலைபேசி. அதில் வாட்ஸ்அப்பும் இல்லை, ஜிபேயும் இல்லை. மொத்தமாக வாங்குங்கள், முன்பதிவு செய்யுங்கள் என்று சொல்லப்படுகிற வழிகள் எல்லாம் கையில் ஓரளவு பணம் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கே உதவுகின்றன. பொருள் கிடைக்காத நாளில் அரைஷட்டர் போட்ட கடையில் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதும் நாங்கள்தான்.

எங்களுக்குக் கைகொடுப்பது நியாயவிலைக் கடைதான். அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியே எண்ணெய் விற்கிற விலைக்கு இது பெரிய உதவி. இந்த மாதம் அரசு தருகிற கொரோனா நிவாரணத்தின் முதல் தவணை 2,000 ரூபாய்க்கு, நாளும் நேரமும் குறித்த டோக்கன் வீட்டுக்கே வந்தது. அந்த நேரம் அம்மாவின் பணி நேரம் என்பதால் நான்தான் போய் வாங்கினேன். கல்லூரி மூடியிருப்பதால் என்னால் போக முடிந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லாத தூய்மைப் பணியாளர்கள் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

அம்மா பணிபுரிகிற தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். போன வாரம் அவராகவே அம்மாவிடம், "உனக்கு என்ன வேணும்னு சொல்லும்மா, எங்க வீட்டுக்கு வாங்கும்போது சேர்த்து வாங்கி வைக்கிறேன்" என்று சொன்னாராம். இப்போது காலை 8 மணிக்கு அவர் மகன் கடைக்குப் போகும்போது அம்மாவுக்கும் வாங்கி வந்து கேட்டின் உள்பக்கத்தில் வைத்துவிடுகிறார். பணி முடிந்து கிளம்பும்போது அம்மா பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்து வருகிறார். பணம் வேண்டாம் என்று அவர் சொன்னபோது அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. இந்தச் சிறிய ஏற்பாட்டால் எங்கள் வீட்டில் இரவுச் சமையல் தடைபடாமல் நடக்கிறது. தங்கள் தெருவைக் கூட்டுகிறவர் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறார் என்று இதைப் படிக்கிறவர்கள் கவனித்துப் பாருங்கள். அவருடைய கடை நேரம் எது என்று உங்களுக்கே விளங்கும்.

பதில்: அண்ணா நகர் குடியிருப்போர் சங்கச் செயலாளர்
19 மே 2021, பிற்பகல் 3.15

மாணவியின் கடிதத்தை எங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்திருக்கிறேன். எங்கள் வளாகத்துக்கு வரும் தூய்மைப் பணியாளர்களுக்கும் காவலர்களுக்கும் இதே முறையில் வாங்கி வைப்பதென்று இன்று காலையே முடிவு செய்துவிட்டோம்.

வேறொரு யோசனையும் உண்டு. சென்ற ஆண்டு மார்ச்சில் பிரிட்டனில் மக்கள் அச்சத்தில் பொருள்களை வாங்கிக் குவித்து அலமாரிகள் காலியானபோது, அங்குள்ள பெரிய அங்காடிகள் மருத்துவப் பணியாளர்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கின. அடையாள அட்டையைக் காட்டி அந்த நேரத்தில் அவர்கள் வாங்கிச் சென்றார்கள். இங்கும் ஒவ்வொரு கடையிலும் மருத்துவமனை, மாநகராட்சி, மின்வாரியப் பணியாளர்களுக்குத் தனி வரிசை வைத்தால் என்ன? அட்டையைக் காட்டினால் முதலில் பொருள் கொடுத்து அனுப்பிவிடலாம்.

பதில்: 108 மருத்துவ உதவியாளர்
20 மே 2021, காலை 9.50

செயலாளர் ஐயாவின் அக்கறைக்கு நன்றி. ஆனால் தனி வரிசையை நான் விரும்பவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் 108 ஆம்புலன்சில் பணிபுரிகிறேன். காலை 8 முதல் இரவு 8 வரை, அல்லது இரவு 8 முதல் காலை 8 வரை. நேரம் முடிந்தும் நோயாளியுடன் மருத்துவமனை வாசலில் காத்திருக்க நேர்ந்தால், படுக்கை கிடைக்கும் வரை வண்டியை விட்டு இறங்க முடியாது. தனி வரிசை இருந்தாலும் அந்த வரிசையில் நிற்க நான் அங்கே இருக்க வேண்டுமே. பிரிட்டன் ஏற்பாடு அங்கே பொருந்தியதற்குக் காரணம், அந்தக் கடைகள் நாள் முழுவதும் திறந்திருந்தன. மற்றவர்கள் வருவதற்கு முன்னால் ஒரு மணி நேரத்தை இவர்களுக்கென்று ஒதுக்கினார்கள். நமக்கு இருப்பதே நான்கு மணி நேரம். அதில் யாரை முன்னால் விட்டாலும் பின்னால் நிற்பவருக்கு நேரம் போதாது. பின்னால் நிற்பவரும் பெரும்பாலும் நாள்கூலித் தொழிலாளிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீருடையில் கடை வாசலில் நின்றால் மக்கள் விலகிப் போகிறார்கள். அவர்கள் அஞ்சுவதில் தவறில்லை, நானே அஞ்சுகிறேன். கொரோனா நோயாளியைத் தூக்கி இறக்கிவிட்டு வந்தவன் மூக்கும் வாயும் நெருங்குகிற கூட்டத்தில் நிற்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அட்டையைக் காட்டி முன்னே போவதைவிட, அந்தக் கூட்டத்துக்கே போகாமல் இருப்பதுதான் எனக்கும் மற்றவர்களுக்கும் நல்லது.

எங்களுக்கு வேண்டியது பணியிடத்துக்கே பொருள் வருவது. நகரில் எந்த மருத்துவமனையை எடுத்துக்கொண்டாலும் பணி மாறுகிற நேரத்தில் செவிலியர்கள், உதவியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள், எங்களைப் போன்ற ஆம்புலன்ஸ் ஊழியர்கள் என்று பலர் ஒரே வாசல் வழியாக வெளியேறுகிறோம். அந்த வாசலில் அந்த நேரத்தில் ஒரு வண்டி நின்றால் போதும். சென்ற ஆண்டு கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவி, மே 5 அன்று சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள். அந்தச் சமயத்தில் காய்கறி வண்டிகள் தெருத்தெருவாக வந்தன. வண்டி வருகிற பகல் நேரத்தில் நாங்கள் வீட்டில் இல்லை என்பதால் அப்போதும் எங்களுக்குப் பயன்படவில்லை. வீட்டு வாசலுக்கு வருகிற வண்டி மருத்துவமனை வாசலுக்கும் வரலாம் அல்லவா?

பதில்: ஓய்வுபெற்ற கூட்டுறவுத் துறை ஊழியர்
20 மே 2021, மாலை 6.30

தம்பி கேட்பது நடக்கக்கூடியதுதான். அதற்கான அமைப்பு சென்னையில் ஏற்கெனவே இருக்கிறது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், சுருக்கமாக 'டி.யூ.சி.எஸ்' என்று சொல்வது, 1904இல் தொடங்கப்பட்டது. நடுத்தர வருமானக் குடும்பங்கள் கலப்படமில்லாத பொருளைச் சரியான எடையில் வாங்க வேண்டும் என்பதற்காகத் தாங்களே பணம் போட்டுத் தொடங்கிய கடை அது. காமதேனு கூட்டுறவுப் பண்டகசாலையும் அவ்வாறே பல பத்தாண்டுகளாக நகரில் இயங்குகிறது. 2013 முதல் பண்ணைப் பசுமைக் கடைகள் காய்கறி விற்கின்றன. சென்ற ஆண்டு ஏப்ரலில் ஊரடங்கு நேரத்தில், 19 வகை மளிகைப் பொருள்களை ஒரே பையில் போட்டு 500 ரூபாய்க்குக் கூட்டுறவுத் துறை விற்றது. வீட்டுக்கு வீடு தேவை வேறுபடும் என்றாலும், அந்தப் பை மிகப் பெரிய வசதியாக இருந்தது. தேர்ந்தெடுக்க நேரம் ஆகாது, எடை போடக் காத்திருக்க வேண்டியதில்லை, சில்லறைத் தொல்லையும் இல்லை. மருத்துவமனை வாசலில் பணி மாறுகிற அரை மணி நேரத்துக்குள் விற்று முடிக்க அதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

ஆகவே தனித்தனியாக முறையிடாமல், ஒவ்வொரு மருத்துவமனையிலும் செவிலியர் கண்காணிப்பாளர் வழியாக, எத்தனை பேருக்கு எந்தெந்த நேரத்தில் தேவை என்று ஒரு பட்டியல் தயாரியுங்கள். அதை மருத்துவமனை நிர்வாகத்தின் கடிதத்தோடு கூட்டுறவுச் சங்கங்களின் இணைப் பதிவாளர் அலுவலகத்துக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். கூட்டுறவுத் துறை வண்டியையும் சரக்கையும் தரலாம். ஆனால் 10 மணிக்குப் பின் விற்பதற்கான அனுமதியை மாநகராட்சியும் காவல்துறையும் சேர்ந்துதான் தர முடியும் என்பதால் கடிதம் இரு இடங்களுக்கும் போக வேண்டும். எண்ணிக்கை தெரியாமல் வண்டி வராது. எனவே பட்டியலில் 'பலர்' என்று எழுதாமல் சரியான எண்ணை எழுதுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் விடுபடுகிறவர்கள் அவர்களே.

மாணவிக்கு ஒரு செய்தி. சென்ற ஆண்டு அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் எந்த நியாயவிலைக் கடையிலும் குடும்ப அட்டையைக் காட்டிப் பொருள் வாங்கலாம். உங்கள் தாயார் பணிபுரிகிற இடத்துக்கு அருகிலுள்ள கடையிலும் கேட்டுப் பார்க்கலாம். பணி நேரத்துக்குள் ஒரு மணி நேர அனுமதி பெற்றால் அரைநாள் சம்பளம் போகாது. அம்மா உணவகமும் திறந்தே இருக்கிறது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். பால் விநியோகத்துக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. ஆவின் பால் விலையும் மே 16 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் குறைந்திருக்கிறது.

கேள்வியாளர்: கொரட்டூர் செவிலியர்
22 மே 2021, இரவு 10.15

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் இருக்கும் சிறிய கடையில் வியாபாரி ஐயா சொன்னபடியே கேட்டேன். உடனே ஒப்புக்கொண்டார்கள். வியாழக்கிழமை இரவு சிட்டையை அனுப்பினேன், வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்குள் வாசலில் பொருள் இருந்தது. மாமியார் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எனக்குக் குரல்பதிவு அனுப்பியிருந்தார். உணவு இடைவேளையில் கேட்டுவிட்டுப் பணத்தைச் செலுத்தினேன். அதே கடையில் எங்கள் வார்டில் பணிபுரியும் வேறு சிலருக்கும் ஏற்பாடு செய்திருக்கிறேன்.

மருத்துவமனை வாசலுக்கு வண்டி வரவழைப்பது பற்றி எங்கள் செவிலியர் கண்காணிப்பாளரிடம் பேசினேன். துப்புரவுப் பணியாளர்கள், சமையலறை ஊழியர்கள், பிணவறை உதவியாளர்கள் உட்பட எல்லோர் பெயரும் சேர்த்துப் பட்டியல் தயாரிக்கத் தொடங்கினோம். அதற்குள் இன்று புதிய அறிவிப்பு வந்துவிட்டது. நேற்று ஒரே நாளில் மாநிலத்தில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியாகியிருக்கும் நிலையில், திங்கட்கிழமை, மே 24 முதல் ஒரு வாரத்துக்குத் தளர்வில்லா முழு ஊரடங்கு என்கிறார்கள். மளிகைக் கடைகளும் இராது. காய்கறியும் பழமும் தோட்டக்கலைத் துறை, உள்ளாட்சி அமைப்புகளின் வண்டிகளில் வரும். அதற்கு முன் வாங்கிக்கொள்வதற்காக இன்றும் நாளையும் இரவு 9 மணி வரை எல்லாக் கடைகளையும் திறக்க அனுமதித்திருக்கிறார்கள்.

இந்த முடிவு தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. வார்டில் இருப்பவர்கள் யாரும் வேறு விதமாகச் சொல்ல மாட்டார்கள். ஆயினும் அறிவிப்பு வந்த நேரத்தில் பகல் பணியில் இருந்தவர்கள் 7.30க்கு வெளியே வந்தபோது, கடைகளின் முன் நிற்க இடமில்லை. தக்காளி விலை காலையில் இருந்ததைப் போல இருமடங்கு. நாளையும் எங்களில் பாதிப் பேருக்குப் பகல் பணி. ஒரு வாரத்துக்கான மளிகையை அவர்கள் நாளை இரவு 7.30க்கும் 9 மணிக்கும் இடையில்தான் வாங்கியாக வேண்டும். எனவே பட்டியலை முடித்து இன்றிரவே கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டோம். காய்கறி வண்டியாவது அடுத்த வாரம் இரவு 7.30க்கு மருத்துவமனை வாசலுக்கு வர வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறோம். மற்ற மருத்துவமனைகளில் பணிபுரிகிறவர்கள் இந்தக் கடிதத்தின் மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.

பதில்: 108 மருத்துவ உதவியாளர்
22 மே 2021, இரவு 10.40

சகோதரி, மாதிரிக் கடிதத்தைத் தயவுசெய்து எனக்கு அனுப்புங்கள். எங்கள் வண்டிகள் நிற்கிற அரசு மருத்துவமனையிலும் நாளை காலையிலேயே பேசிப் பார்க்கிறேன்.

பதில்: அம்பத்தூர் மளிகை வியாபாரி
22 மே 2021, இரவு 11.30

இப்போதுதான் கடையை மூடிவிட்டு வந்தேன். நாளை பகல் பணியில் இருப்பவர்கள் கடைக்கு வந்து நிற்க வேண்டாம். அம்பத்தூர், பாடி, கொரட்டூர் பகுதிகளில் இருப்பவர்கள் நாளைப் பிற்பகல் 2 மணிக்குள் சிட்டையை எனக்கு அனுப்பிவிடுங்கள். எங்கள் வியாபாரிகள் குழுவில் பிரித்துக் கொடுத்து, இரவு 9 மணிக்குள் வீட்டுக்கே சேர்த்துவிடுகிறோம். காலை விலைக்கே தருவதென்று எங்கள் குழுவில் பேசி முடித்திருக்கிறோம். ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு எழுதினால் மற்றவருக்குப் போதாமல் போய்விடும். எண்ணெய்ச் சரக்கு குறைவாக இருப்பதால் வீட்டுக்கு இரண்டு லிட்டர்தான் தர முடியும். பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, காராமணி ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். வண்டியில் காய்கறி வராத நாளில் குழம்புக்கு உதவும்.

கண்ணகி நகர் மாணவிக்கு: உங்கள் பகுதிக்கு அருகே பெரும்பாக்கம் பக்கத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். இன்றிரவு அவரிடம் பேசிவிட்டேன். நூறு ரூபாய்ச் சிட்டையானாலும் கட்டித் தருவார். தூய்மைப் பணியாளர்களுக்கு அடுத்த வாரத்துக்கான பொருளை நாளை வாங்கிக்கொண்டு, சம்பளம் வந்தபின் பணம் கொடுத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். கடையின் அடையாளத்தை உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் அம்மா 2 மணிக்குப் பணி முடிந்து வீடு வந்து சற்று இளைப்பாறிவிட்டு, அவருடன் பணி செய்கிற மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு மாலை 5 மணிக்கு மேல் போகட்டும். அந்த நேரத்துக்குள் அவர்களுக்கென்று தனியாகக் கட்டி வைத்திருப்பார்.